பலகை கழற்றிய சுவர்

அண்ணன் கையில் ரப்பர் குழாயோடு மண் சுவரைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் மேலே விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன்.

புது ஆலயத்துக்காகத் தோண்டிய அஸ்திவாரக் குழி அது. ஆள் மேல் ஆள் நின்றாலும் தலை வெளியே தெரியாத ஆழம். நாலு பக்கமும் பலகை அடைத்து, குறுக்கே முட்டுக் கொடுத்து, மண் சரியாமல் நிறுத்தியிருந்தார்கள். இப்போது ஒரு பக்கத்துப் பலகைகளைக் காணோம். கழற்றி மேலே அடுக்கியிருந்தார்கள். அந்தப் பக்கத்து மண் அம்மணமாக நின்றது. அதன் மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்னண்ணா பண்ற?"

"பொண்ணுக்கு முகம் கழுவி விடுறேன். சனிக்கிழமை பாக்க வர்றாங்கல்ல?"

"பலகைய யாரு எடுக்கச் சொன்னா?"

"நான்தான். பலகைய வெச்சு மூடிட்டா எப்படித் தெரியும்?"

ஏணியில் இறங்கிப் போய்க் குழாயைப் பிடுங்கினேன். "பலகை மூடறதுக்கு இல்லண்ணா, தாங்கறதுக்கு. இந்தக் களிமண்ணு ஈரமானா நிக்காது. இன்னிக்கே பலகையத் திரும்பப் போடச் சொல்லு. சனிக்கிழமை ஒருத்தரும் இதுக்குள்ள இறங்கக் கூடாது."

அண்ணன் சிரித்தான். கோபமாகச் சிரித்திருந்தால் பரவாயில்லை. பாவம் இவள் என்பது போலச் சிரித்தான். "ஆரம்பிச்சுட்டியா? ஆதாரத்த மூடணும். அதானே உனக்கு?"

"நான் மண்ணப் பத்திப் பேசறேன்."

"நானும் மண்ணப் பத்தித்தான் பேசறேன், சின்னவளே."

அண்ணன் ஒரு சின்ன சபையின் போதகர். நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். கட்டடம் கட்டும் முன் துளை போட்டு, அடியில் என்ன மண் இருக்கிறது, எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்வது என் வேலை. இந்த இடத்துக்கும் நாங்கள்தான் துளை போட்டோம். மேலே கொட்டி நிரப்பிய மண், அதற்குக் கீழே மஞ்சள் மணல், அதற்கும் கீழே ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிறக் களிமண், அதில் சிப்பி. பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் தோண்டக் கூடாது என்று அறிக்கையில் எழுதியும் கொடுத்தேன். தோண்டும்போது முட்டுக் கொடுத்தார்கள். தோண்டி முடித்த பிறகு அண்ணன் வந்து அந்தச் சிப்பிகளைப் பார்த்தான். பார்த்த இடத்திலேயே முழங்கால் போட்டுவிட்டான்.

நோவாவின் காலத்து ஜலப்பிரளயம் கொண்டுவந்து போட்ட சேறு இது என்றான். அன்றே வீடியோ எடுத்துப் போட்டான். அதுவரை அவன் சபையில் மனிதர்களைவிடக் காலி நாற்காலிகள்தான் அதிகம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போதவில்லை. வெளியூரிலிருந்தெல்லாம் வந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணனுக்கு உடம்பில் ஒரு சுற்றுச் சதை போட்ட மாதிரி ஆகிவிட்டது. அவன் சந்தோஷப்படுவதைப் பார்க்க எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

வீடியோவைப் பார்த்து ஒரு கல்லூரி ஆசிரியர் மறுப்புப் போட்டார். புவியியல் பாடம் நடத்துகிறவர். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை "ஆதாரம் எங்கே?" என்று கேட்பதால் மாணவர்கள் அவருக்கு 'ஆதாரம் சார்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். இவன் பதில் போட, அவர் பதிலுக்குப் பதில் போட, கடைசியில் நேருக்கு நேர் விவாதம் என்று முடிவாயிற்று. சனிக்கிழமை காலை, குழிக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் தகரக் கூடத்தில். விவாதம் முடிந்ததும் எல்லோரும் குழிக்குள் இறங்கிச் சுவரைக் கண்ணால் பார்ப்பது. அப்போது பிள்ளைகளின் பாடகர் குழு சுவரை ஒட்டி நின்று பாடுவது. அண்ணன் மகள் அந்தக் குழுவிலேயே சின்னவள், அதனால் முன்வரிசை. பிள்ளைகள் ஏறி நிற்க ஒரு நீள பெஞ்சுகூட ஏற்கெனவே குழிக்குள் இறக்கியாயிற்று. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

என்னைக் கேட்டால் அது வெள்ளச் சேறுதான். ஆனால் ஒரே வெள்ளம் இல்லை. உற்றுப் பார்த்தால் களிமண்ணுக்குள் மெல்லிய கோடு கோடாகத் தெரியும். ஒவ்வொரு முறை ஆறு பெருகி வடியும்போதும் ஒரு கோடு. நடுவிலே புல் வேர் இறங்கிய தடம்கூட இருக்கிறது. தண்ணீர் வடிந்து, காய்ந்து, புல் முளைத்து, மறுபடி மூழ்கியிருக்கிறது. இதையெல்லாம் அண்ணனிடம் முதலிலேயே சொன்னேன். அங்கேதான் வம்பு. அதைச் சொன்ன வாயாலேயே சுவர் விழும் என்று சொன்னால் அதுவும் அவனுக்கு இன்னொரு வாதம்.

எங்கள் வீடு அப்படி. அப்பா சாப்பாட்டு மேசையை நீதிமன்றமாக்கி வைத்திருந்தார். பேச்சில் தோற்றவர்தான் பாத்திரம் கழுவ வேண்டும். மழை வருகிறது என்று ஒருவர் சொன்னால் மற்றவர் ஜன்னலைச் சாத்தப் போகமாட்டார், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்பார். துணி நனைந்த பிறகும் விவாதம் நடக்கும். நானும் அண்ணனும் ஒருவரிடம் ஒருவர் எதையும் தெரிவித்துப் பழகவில்லை. வாதாடித்தான் பழக்கம். தோற்றுவிட்டேன் என்ற சொல் இரண்டு பேர் வாயிலும் வந்ததே கிடையாது. அவன் பாத்திரம் கழுவும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டேதான் கழுவுவான்.

குழியிலிருந்து நேராக மேஸ்திரியைத் தேடிப் போனேன். அவர் வேறொரு வேலையிடத்தில் கம்பி வளைத்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர் சொன்னாரும்மா, கழட்டினேன். திங்கக்கிழமை காலையில முதல் வேலையா போட்டுடறேன்."

"சனிக்கிழமை விழுந்தா?"

"உங்கண்ணன்தானேம்மா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அவரு போடச் சொன்னா இப்பவே போடறேன்."

கட்டட அனுமதி அலுவலகத்துக்குப் போனேன். எழுதிக் கொடுங்கள், அடுத்த வாரம் ஆள் வந்து பார்ப்பார் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். என் மேலாளரிடம் சொன்னேன். "அறிக்கையில எழுதியாச்சுல்ல? அப்புறம் ஏன் தலையைப் பிச்சுக்கறீங்க? விடுங்க" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அவரிடம் காட்டி என்ன பயன்?

மறுநாள் ஆதாரம் சாரைப் பார்க்கக் கல்லூரிக்கே போனேன். மேசை நிறையக் கல்லும் சிப்பியுமாக உட்கார்ந்திருந்தார். படித்த மனுஷன், மண்ணைத் தெரிந்தவர், சொன்னால் புரிந்துகொள்வார் என்று ஒரு நம்பிக்கை.

"சார், விவாதத்த மேல கூடத்துலயே முடிச்சுக்குங்க. குழிக்குள்ள இறங்க வேணாம். சுவருக்கு முட்டு இல்ல. மேலே விளிம்புல விரிசல் விட்டிருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார். "மேடம், நீங்க பாஸ்டரோட தங்கச்சிதானே?"

"ஆமா."

"அந்தச் சுவருல வேர்த்தடம் இருக்குன்னு வீடியோவுலயே பாத்துட்டேன். கிட்டப் போய் விரல் வெச்சுக் காட்டினா உங்க அண்ணன் கதை அதோட முடிஞ்சுது. இப்ப நீங்க வந்து இறங்காதீங்கன்னு சொல்றீங்க."

"சார், நான் அதுக்காகச் சொல்லல."

"அண்ணன் மேல பாசம் இருக்க வேண்டியதுதான். தப்பா எடுத்துக்கல."

அங்கிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. சாலையில் நடக்கும்போது வாய்விட்டுத் திட்டிக்கொண்டே நடந்திருக்கிறேன். எதிரே வந்த ஒருவர் ஒதுங்கிப் போன பிறகுதான் தெரிந்தது. ஒருவனுக்கு நான் அவிசுவாசி, இன்னொருவருக்கு நான் அவிசுவாசியின் வேஷம் போட்ட பாஸ்டர் தங்கை. மண்ணுக்கு மட்டும் ஒரு கட்சியும் கிடையாது. அது ஊறிக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய் மறுபடி ஆரம்பித்தேன். அவன் மேசையில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, விரிசல்ல விரல் நுழையுது. நேத்து நுழையல."

"பிரளயத்துக்கே தாங்கின மண்ணு, மூணு பலகை இல்லாம விழுந்துடுமா?"

"அது மண்ணுக்குள்ள மண்ணா இருந்துச்சு. இப்ப ஒரு பக்கம் வெறும் காத்து."

"நல்ல பாயிண்ட்" என்று சொல்லி அதையும் குறித்துக்கொண்டான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "அந்த ஆளு இதக் கேட்டா நான் என்ன சொல்லணும்னு யோசிக்கறேன். நீ பேசு, பேசு. நீ பேசினாத்தான் என்னால தயாராக முடியுது."

அண்ணி பின்னாலேயே வாசல்வரை வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "நிஜமாவே விழுமா?"

"விழும் அண்ணி. சனிக்கிழமையா, அதுக்கு முந்தியா, பிந்தியா, அதுதான் தெரியாது."

"அவரு கேக்கமாட்டாரு. பாப்பாவுக்கு ஜுரம்னு சொல்லி நிறுத்திக்கட்டுமா?"

"மத்த பிள்ளைங்க?"

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் சபையார், இன்னொரு பக்கம் ஆதாரம் சாரின் மாணவர்கள். நடுவில் ஒரு நடைவழி, இரண்டு பக்கத்துச் சம்பந்திகளைப் போல முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் உட்காரவில்லை. கூடத்துக்கும் குழிக்கும் நடையாக நடந்தேன். விரிசல் விளிம்புக்கு இணையாகச் சுவரின் நீளம் முழுக்க ஓடியிருந்தது. இப்போது கையே நுழைந்தது.

உள்ளே அண்ணன் பேசுவது கேட்டது. உலகத்தில் எத்தனையோ ஜனங்கள், ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள், எல்லோரிடமும் ஒரு பெருவெள்ளத்தின் கதை இருக்கிறது, நடக்காத ஒன்றை எல்லோருமா கனவு கண்டார்கள் என்று கேட்டான். கைதட்டல். ஆற்றங்கரையில் குடியிருக்கிற எல்லோரும் வெள்ளம் பார்த்தவர்கள்தான், ஒவ்வொருவருக்கும் தன் ஊர்தான் உலகம் என்றார் ஆதாரம் சார். இந்தப் பக்கம் கைதட்டல். மலை உச்சியில் சிப்பி எப்படி வந்தது என்றான் அண்ணன். மலையே ஒரு காலத்தில் கடலடியில் கிடந்து எழுந்தது என்றார் அவர். அவ்வளவு தண்ணீர் வந்தது என்றால் அவ்வளவும் எங்கே வடிந்தது, ஆதாரம் எங்கே என்றார்.

"ஆதாரம் வெளியிலதான் இருக்கு" என்றான் அண்ணன். "வாங்க, காட்டறேன்."

"அதுக்குத்தான் வந்தேன்" என்று அவரும் எழுந்தார்.

நாற்காலிகள் உரசும் சத்தம். பிள்ளைகள் வரிசையாகக் கையைக் கோத்துக்கொண்டு கூடத்தை விட்டு வெளியே வந்தார்கள். அண்ணன் மகள் முதல் ஆள். அண்ணி அவளைத் தடுத்துப் பார்த்திருக்கிறாள் போல, பிள்ளையின் கன்னத்தில் அழுத கறை இருந்தது. ஆதாரம் சார் எல்லோரையும் முந்திக்கொண்டு ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

நான் ஏணிக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன். "இறங்காதீங்க. சுவர் விழப்போகுது."

மாணவர்கள் பக்கம் சிரித்தார்கள். "தோக்கற நேரத்துல குழிய மூடறாங்கப்பா" என்று ஒருவன் சொன்னான். சபையார் பக்கமும் சிரிப்பு. "இவங்க எப்பவும் இப்படித்தான். சாத்தானுக்கு வக்கீல்" என்றது ஒரு பெண் குரல். அண்ணன் என் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்தினான். "வீட்டுல பேசிக்கலாம்."

சுவரிலிருந்து ஒரு கட்டி உதிர்ந்து பெஞ்சின் மேல் விழுந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் எதைச் சொன்னாலும் அது எதிர்ப்பேச்சு. எதிர்க்காமல் சொன்னால்தான் ஏறும். அண்ணன் சட்டையில் குத்தியிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"பாஸ்டர்" என்றேன். அவனை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவன் திரும்பிப் பார்த்தான்.

"நான் மண்ணு படிச்சவ. இந்த மண்ணத் துளை போட்டு எடுத்ததே நான்தான். பாஸ்டர் சொன்னது நிஜம். இது நோவா காலத்து வெள்ளம்தான். நான் தோத்துட்டேன்."

எல்லோர் கையிலும் போன் உயர்ந்தது. ஆதாரம் சார் ஏணியில் ஒரு காலோடு அப்படியே நின்றார்.

"மேடம், உங்களுக்கே தெரியும் இது பொய்னு" என்றார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முடித்திருக்க மாட்டேன். "அப்படின்னா இது ஆண்டவர் கை பட்ட இடம். இதுக்குள்ள செருப்புக் காலோட, பெஞ்சு போட்டு, செல்ஃபி எடுக்க இறங்கறதா? பைபிள்ல ஆண்டவர் இறங்கின மலையச் சுத்தி எல்லை போட்டு, தொட்டா செத்துடுவீங்கன்னு சொன்ன கதைய எங்களுக்குப் பிரசங்கம் பண்ணினது நீங்கதானே, பாஸ்டர்? எல்லைய எங்க போடப்போறீங்க?"

அண்ணன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அந்தக் கண்ணைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் இரண்டு கையையும் தூக்கினான்.

"யாரும் இறங்காதீங்க" என்றான். "எல்லாரும் பின்னால போங்க. சார், நீங்களும்தான். ஏணியத் தூக்குங்க. கூடத்துக்குள்ள போய் ஜெபம் பண்ணுவோம்."

நான் நாள் கணக்காகத் தொண்டை கிழியக் கேட்டதை அவன் ஒரு மூச்சில் செய்து முடித்தான். ஆதாரம் சாரைச் சபைப் பையன்கள் கையைப் பிடித்து இழுத்தே கொண்டுபோனார்கள். அவர் என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். படித்த படிப்பை விற்றுவிட்டீர்கள் என்றார்.

பிள்ளைகள் கூடத்தில் வரிசையாக நின்று பாட்டை ஆரம்பித்தார்கள். இரண்டாவது அடி போய்க்கொண்டிருந்தபோது தரை அதிர்ந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மூட்டை மூட்டையாக எதையோ கொட்டுகிற மாதிரி, அவ்வளவுதான். ஓடிப் போய்த் தூரத்தில் நின்று பார்த்தோம். சுவர் மொத்தமாக உள்ளே கிடந்தது. எதிர்ச்சுவரின் பலகைகள்வரை சாம்பல் சேறு ஏறியிருந்தது. பிள்ளைகளின் பெஞ்சு எங்கே என்று தெரியவில்லை.

முதலில் யாரோ அழுதார்கள். பிறகு யாரோ ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஆண்டவரே தன் அடையாளத்தை மூடிக்கொண்டார் என்று ஒருவர் சொல்ல, அதை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஆதாரம் சார் என் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. முதல் ஆளாக இறங்கப் பார்த்தவர் அவர்தான்.

"காலேஜுக்கு வந்து சொன்னீங்க" என்றார். "மன்னிச்சிடுங்க." மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேலாளர். வீடியோ அவருக்கும் போய்விட்டது. எடுக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் வந்தான். முகம் பிரகாசமாக இருந்தது. அண்ணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றாள்.

"நாளைக்கு ஆராதனையில நீ சாட்சி சொல்லணும்" என்றான். "எப்படி விசுவாசம் வந்துச்சுன்னு."

"வரலண்ணா. பொய் சொன்னேன்."

அவன் முகம் மாறியது. "பொய்யா? எதுக்கு?"

"சுவர் விழும்னு. வேற எப்படிச் சொன்னாலும் நீங்க யாரும் நகரல."

கிண்டல் இல்லை, கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

"விழும்னு தெரிஞ்சா, எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல?"

வாழ்க்கையில் முதல் முறையாக அண்ணனிடம் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

அண்ணிதான் பேசினாள். பிள்ளை தூங்கிவிட்டதால் மெதுவாகப் பேசினாள். "சொன்னாங்க. குழிக்குள்ள நின்னு சொன்னாங்க. நம்ம வீட்டுக்கு வந்து சொன்னாங்க. நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். நீங்க பதில் சொல்லிட்டே இருந்தீங்க."

அண்ணன் வாயைத் திறந்தான். மூடினான். பிள்ளையின் தொங்கும் காலைப் பார்த்தான். பிறகு திரும்பிக் குழியைப் பார்த்து நடந்தான். பெஞ்சு இருந்த இடத்தைத் தேடுகிறான் என்று அவன் தலை திரும்பிய விதத்திலேயே தெரிந்தது.

"அண்ணா, ஓரத்துக்குப் போகாத. இன்னும் இடியும்."

அவன் நின்றான். ஏன் என்று கேட்கவில்லை. எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்கவில்லை. வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டு, நான் நிற்கிற இடத்துக்கே திரும்பி வந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.